ஊரில் விட்டு வந்த வண்டி

பெங்களூர் பீன்யாவில் இரண்டாவது ஷிஃப்ட் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மிஷினில் ஜாப் மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது போன் அடித்தது. அக்கா. எட்டு மணிக்கெல்லாம் சாப்பிட்டுப் படுத்துவிடுகிற ஊர் அது, அந்த நேரத்தில் அக்கா கூப்பிட மாட்டாள். "தம்பி, உன் வண்டி ஒருத்தர் மேல மோதிடுச்சுடா" என்றாள். தன் மகன் மோதிவிட்டான் என்று சொல்லவில்லை. உன் வண்டி என்றாள். அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று அலைந்தபோதுதான் சட்டமும் அக்கா மாதிரியேதான் பேசுகிறது என்று தெரிந்தது. 2024 ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை அது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஊருக்குப் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் என்னைப் போல் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் கதை. 2018 அக்டோபரில் வாங்கிய 125 சிசி பைக். அப்போது ஸ்ரீராமபுரத்தில் வாடகைக்கு இருந்தோம், ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், ஏறியதும் அந்த முகவரிதான். அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டி வாங்கும்போதே ஐந்து வருடத்துக்கு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடிபடும் அடுத்தவருக்கான காப்பீடு, எடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவு வந்திருந்தது. "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் பத்தி யோசிக்கவே வேண்டாம் சார்" என்றார் ஷோரூமில் பில் போட்டவர். நானும் அவர் சொன்னபடியே யோசிக்கவில்லை. 2022ல் லக்கெரேக்கு வீடு மாறினோம். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்தது. வண்டி கீழே வெயிலில் நின்று துருப்பிடிப்பதைவிட அக்கா மகன் ஐடிஐக்குப் போக உதவட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டிக்கொண்டு போய் ஊரில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். ஊர் என்றால் ஊத்தங்கரைக்குப் பக்கம், கிருஷ்ணகிரி - திருவண்ணாமலை சாலையிலிருந்து உள்ளே போகும் ரோடு. ஆர்சி, சாவி, ஒரு ஹெல்மெட் எல்லாம் கொடுத்தேன். பெயர் மாற்றவில்லை. சொந்த அக்கா மகனுக்கு என்ன பெயர் மாற்றம் என்கிற நினைப்பு. 2023 அக்டோபரில் அந்த ஐந்து வருடம் முடிந்தது. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கலாம், வண்டி கண்ணில் படாததால் எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. மூன்று மாதம் கழித்து விபத்து.

நடந்தது இதுதான். பையனுக்கு வயது 19. எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்தான், அது ஆறு மாதம்தான் செல்லும், டெஸ்டுக்குப் போகாமலே காலாவதியாகிவிட்டது. மாலை ஏழு மணிக்கு மேல் இருக்கும். ஊருக்கு முன்னால் உள்ள வளைவில் ஒரு டிராக்டர் டிரெய்லர் வைக்கோலோடு ரோட்டு ஓரமாக நின்றிருக்கிறது. பின்னால் விளக்கு இல்லை, சிவப்பு ஸ்டிக்கர் இல்லை, ஒன்றும் இல்லை. அதே பக்கமாக நடந்து போன பெரியவர் ஒருவர் டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு போக ரோட்டுக்குள் இறங்கியிருக்கிறார். பையனின் ஹெட்லைட்டில் டிரெய்லர் தெரிந்தது கடைசி நொடியில். வலது பக்கம் ஒடித்தான். அங்கே பெரியவர். விழுந்தவரைப் பார்த்ததும் பையன் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு கரும்புத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டான். பயம்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் ஓடியது ஓடியதுதான். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஏற்பாடு செய்வதும் போலீசுக்குச் சொல்வதும் ஓட்டியவரின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஓடியவனைப் பற்றி எஃப்ஐஆரில் எழுதும் வரியே வேறு மாதிரி இருக்கும்.

பெரியவர் அரை மணி நேரம் ரோட்டில் கிடந்திருக்கிறார். சுற்றி பத்துப் பதினைந்து பேர் நின்றிருக்கிறார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், 108க்கு மட்டும் யாரும் அடிக்கவில்லை. யார் அடித்தாலும் சாட்சி ஆகிவிடுவோம், கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று. உதவி செய்தவரைப் போலீஸ் கட்டாயப்படுத்தி விசாரிக்கக் கூடாது, பெயர் சொல்லச் சொல்லிக்கூட வற்புறுத்தக் கூடாது என்று 2016லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள். எங்கள் ஊரில் அதைக் கேள்விப்பட்ட ஒருவர்கூட இல்லை. நானும் கேள்விப்பட்டதில்லை, பெரிய யோக்கியன் மாதிரி அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இன்னொன்று, தொடை எலும்பு உடைந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தது தப்பு. ஆபரேஷன் வரும் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று டாக்டர் திட்டினார்.

அன்று இரவு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டால் எழுதுவதில் அர்த்தமில்லை. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு மெஜஸ்டிக் வந்து, அங்கிருந்து சில்க் போர்டு போய், கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனில் இன்சூரன்ஸைத் தேடினேன். அப்போதுதான் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது தெரிந்தது. உடனே ஆன்லைனில் பணம் கட்டினேன். 75 சிசியிலிருந்து 150 சிசி வரை உள்ள வண்டிக்கு ஒரு வருட தேர்ட் பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 843. ஓசூர் தாண்டுவதற்குள் பாலிசி வந்துவிட்டது. தப்பித்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பாலிசி எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து செல்லும் என்று அதிலேயே அச்சாகியிருந்தது. மறுநாள் நள்ளிரவு 12 மணி முதல். விபத்து அதற்கு முந்தின மாலை. காலையில் ஸ்டேஷனில் அதை நீட்டியபோது ரைட்டர் அதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஆம்புலன்ஸை யாரும் கூப்பிடாததால் கடைசியில் யாரோ ஒருவர் ஆட்டோவில் பெரியவரை ஏற்றி, பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். முன்பணம் கட்டினால்தான் ஸ்கேன் என்றார்கள். அக்கா அழுதாள், நான் பஸ்ஸில் இருந்தே அனுப்பினேன். இரண்டு நாளில் 62,000 ரூபாய். மூன்றாவது நாள்தான் ஒரு நர்ஸ் அம்மா மெதுவாகச் சொன்னார்: தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரிலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டு எல்லைக்குள் எந்த ரோட்டில் விபத்து நடந்தாலும், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், ஆனால் அரசு மருத்துவமனையிலோ பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலோ சேர்த்திருக்க வேண்டும். நாங்கள் சேர்த்தது பட்டியலில் இல்லை. அந்த 48 மணி நேரமும் முடிந்திருந்தது. அப்புறம் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். தொடையில் ராடு வைத்த ஆபரேஷன் அங்கே பணமில்லாமல் நடந்தது, நன்றாகவே நடந்தது. 2025 மே மாதம் முதல் மத்திய அரசும் நாடு முழுக்க ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது, விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாளுக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சை, அதற்கும் பட்டியல் உண்டு. ஆகவே 108 வண்டி வந்ததும், ஏற்றும்போதே "திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியத்தின் விலை 62,000.

ஸ்டேஷனில் இரண்டு யோசனைகள் வந்தன. போலீஸ்காரர்கள் சொன்னதில்லை, வெளியே டீக்கடையில் நிற்கிற ஒருவர் சொன்னது. எல்லா ஸ்டேஷன் வாசலிலும் இப்படி ஒருவர் இருப்பார் போலிருக்கிறது. முதல் யோசனை, லைசென்ஸ் உள்ள வேறொருவர் ஓட்டியதாகக் காட்டிவிடலாம். ஆள் ரெடி, பதினைந்தாயிரம். ஒரு கணம் மனசு சஞ்சலப்பட்டது என்பது உண்மை. பையனின் எதிர்காலம், ஐடிஐ, அக்காவின் முகம். ஆனால் அங்கே பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள், பெரியவரே பையனை அடையாளம் தெரிந்தவர். பொய் வெளிப்பட்டால் ஒரு வழக்கு மூன்று வழக்காகும். வேண்டாம் என்றேன். இரண்டாவது யோசனைக்குத் தலையாட்டினேன், அதைப் பிறகு சொல்கிறேன். எஃப்ஐஆரில் பையன் பெயரோடு என் பெயரும் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது அவன் குற்றம். லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்ததும், இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓடியதும் என் குற்றம். பெங்களூரில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஊத்தங்கரைப் பக்கம் ஒரு குற்றப்பத்திரிகை. பையன் 18க்குக் கீழே இருந்திருந்தால் இன்னும் மோசம். சிறுவனிடம் வண்டி கொடுத்த உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019 திருத்தத்தில் இருக்கிறது. அந்த வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. வண்டியைத் திரும்பக் கேட்டபோது, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி, கோர்ட்டில் பிணை கட்டாமல் வெளியே போகாது என்றார்கள். கட்ட என்னிடம் பணம் இல்லை. வண்டி அங்கேயே நின்றது.

இந்த இடத்தில் டிரெய்லரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் சித்தப்பாவுடையது. போலீஸ் வருவதற்குள் அவர் அதை எடுத்துக்கொண்டு போய் களத்தில் நிறுத்திவிட்டார். யாரும் போட்டோ எடுக்கவில்லை. எஃப்ஐஆரில் டிரெய்லர் என்ற சொல்லே இல்லை. ஸ்டேஷனில் நானாவது சொல்லியிருக்கலாம். அப்பா இல்லாத வீட்டில் எங்கள் கல்யாணங்களுக்கு முன்நின்றவர் அவர், எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். பின்னால் என் வக்கீல் கேட்டார்: "அந்த டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்திருந்தா நஷ்ட ஈட்டுல ஒரு பங்கு அவங்க மேல போயிருக்கும், ஏன் சொல்லல?" என்னிடம் பதில் இல்லை. உறவு பார்த்து நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, விபத்து நடந்த இடத்தை, நின்ற வண்டிகளை, வெளிச்சம் எப்படி இருந்தது என்பதை, எதையும் நகர்த்துவதற்கு முன் போனில் படம் எடுத்து வையுங்கள். முடிவைப் பிறகு எடுக்கலாம், படத்தைப் பிறகு எடுக்க முடியாது.

டீக்கடையில் நின்றவரின் இரண்டாவது யோசனை, பேசி முடித்துக்கொள்வது. பிப்ரவரி முதல் வாரம் கோயில் திண்ணையில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். 40,000 ரூபாய் ரொக்கம், இருபது ரூபாய் பத்திரத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கைநாட்டு. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அந்தக் காகிதத்தை லாமினேட் செய்துகூட வைத்திருந்தேன், சிரிப்பாக வருகிறது. ஜூனில் அவர்கள் தரப்பில் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்ட ஈட்டு மனு போட்டார்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டம், அந்த ஆறு மாதம் முடிய சில வாரங்களே இருந்தன. அவர்கள் மேல் கோபப்பட்டேன், துரோகம் என்றெல்லாம் பேசினேன். இப்போது யோசித்தால், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மனிதர் தடி இல்லாமல் நடக்க முடியாமல் போனதற்கு 40,000 எப்படிப் போதும்? அந்தப் பத்திரம் அவர்கள் உரிமையைத் தடுக்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இல்லாததால் அந்த 40,000ஐக் கழித்துக்கொள்ளவும் முடியவில்லை. உதவி என்று கொடுக்க நினைத்தால் தாராளமாகக் கொடுங்கள், வங்கி வழியாகக் கொடுங்கள். அதை வழக்கு முடிந்ததற்கான சீட்டு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு என் முகவரியில் இருந்தது. தீர்ப்பாயத்தின் சம்மன் ஆர்சியில் உள்ள முகவரிக்குத்தான் போகும். அது ஸ்ரீராமபுரத்துப் பழைய வீடு. செப்டம்பரில் வந்த கவரை ஓனரம்மா வாங்கி, "தமிழ் கோர்ட் லெட்டர், இவன் எப்போதாவது வருவான்" என்று ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். நவம்பரில் அந்தத் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது தற்செயலாக அவரைப் பார்த்தேன். கவரைப் பிரித்தபோது இரண்டு வாய்தா போயிருந்தது. அடுத்த தேதியில் ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நம் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு. வீடு மாறினால் 30 நாளுக்குள் ஆர்சியில் முகவரி மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாடகை வீட்டில் இருக்கும் நம்மில் யார் செய்கிறோம்? ஆதார், காஸ், பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றுக்கும் மாற்றுவோம், ஆர்சியை மட்டும் விட்டுவிடுவோம்.

கோர்ட் படலத்தை நீட்டவில்லை. 2025 மார்ச்சில் மக்கள் நீதிமன்றத்தில் 2,80,000 ரூபாய்க்கு, நான்கு தவணையாகக் கட்டுவதாக முடிந்தது. அங்கே தனியாகக் கட்டணம் இல்லை, முடிந்தால் மேல்முறையீடும் இல்லை, இரண்டு பக்கமும் இழுத்தடிக்காமல் வீட்டுக்குப் போகலாம். வக்கீலுக்கு 25,000. கிரிமினல் வழக்கில் இருவருக்கும் சேர்த்து அபராதம் 13,500. முதலில் போன 62,000, பத்திரத்தில் போன 40,000. மொத்தம் 4,20,500. பஸ் காசு, சம்பளம் பிடித்த 14 நாள் இதில் சேரவில்லை. மனைவியின் வளையல் இரண்டும் இன்னும் அடகில் இருக்கிறது. மகளின் காலேஜுக்காகப் போட்டிருந்த சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தேன். இதெல்லாம் 714 ரூபாய்க்காக என்று மனைவி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

ஊருக்கு வண்டி கொடுப்பவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடக எண் வண்டி தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருக்கப் போகிறது என்றால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு இங்கே உள்ள ஆர்டிஓவில் 28ஆம் படிவம் கொடுத்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்ற 29, 30ஆம் படிவங்கள். இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும், ஊரில் மறுபடி வரி கட்ட வேண்டும், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், வண்டியை விற்று வருடக்கணக்கானாலும் நஷ்ட ஈடு அவர் தலையில்தான் விடியும் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இவ்வளவும் முடியாது என்றால், குறைந்தபட்சம் இன்சூரன்ஸ் முடியும் தேதியை உங்கள் போனிலும் ஊரில் உள்ளவர் போனிலும் அலாரமாக வையுங்கள். ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "எடுத்துட்டேன் மாமா" என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

இனி ஊரில் நான் செய்ய முயன்றது. எல்லாம் முடிந்த பிறகு ஊருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. 2025 மே 1 கிராம சபை. பெங்களூரில் எங்களுக்கும் மே தின விடுமுறை, போய்விட்டேன். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்திருந்ததால் செயலர்தான் நடத்தினார். ஐந்து நிமிடம் கொடுத்தார். ஹெல்மெட் போடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள், விதிகளை மதியுங்கள் என்று பேசினேன். கூட்டத்துக்கு வந்த பெண்கள் நூறு நாள் வேலைக் கூலி பற்றிக் கேட்கக் காத்திருந்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "பெங்களூர்லருந்து வந்து ஹெல்மெட் போடச் சொல்றாரு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான சிரிப்பு. தோட்டத்துக்கும் டீக்கடைக்கும் நாலு முறை போய்வரும் மனிதனுக்கு ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பதே முதல் பிரச்சினை, வண்டியில் மாட்டினால் காணாமல் போகும். அதற்குப் பதில் இல்லாமல் போடு போடு என்றால் யார் கேட்பார்கள்?

மதியம் சாப்பிட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன், "அண்ணா, உங்களுக்கு மொத்தம் எவ்வளவு போச்சு?" என்று கேட்டான். தொகையைச் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் மைக்கில் பேசி நடக்காதது அந்தத் தொகையால் நடந்தது. "என் வண்டிக்கு இருக்கான்னு பாருங்க" என்றான் அவன். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். அன்று இருட்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதிக்கு மேல் காலாவதி. என் வண்டி போலவே ஐந்து வருடம் முடிந்ததைக் கவனிக்காதவை நிறைய. இறந்துபோனவர் பெயரில் இன்னும் இரண்டு வண்டி ஓடுகிறது. அங்கேயே சிலருக்குப் போனிலேயே கட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டேன்: உயிர் போகும் என்றால் தனக்கில்லை என்று நினைக்கிறார்கள், நிலத்தை அடகு வைக்க நேரும் என்றால் காது கொடுக்கிறார்கள். இது கேவலமாகத் தெரிந்தால் தெரியட்டும், நான் அந்த வழியாகவே பேசுகிறேன்.

பெண்களிடம் பேச அக்காதான் சரியான ஆள் என்று பிறகு புரிந்தது. ராகியும் கொள்ளும் அறுவடையானால் எங்கள் பக்கம் தார் ரோட்டில்தான் பரப்புவார்கள், வண்டிகள் ஏறிப்போனால் தானாக அடித்துக் கொடுக்கும். நானும் சின்ன வயதில் பரப்பியிருக்கிறேன். அதில் பிரேக் பிடித்தால் பைக் வழுக்கும், இருட்டிய பிறகு கல்லை ஓரம் வைத்து மூடிவைத்தால் அந்தக் கல்லே ஆளைக் கவிழ்க்கும். பரப்பாதே என்று சொன்னால் களம் எங்கே என்று கேட்பார்கள், ஊர்க்களம் பாழாகி முள் மண்டிக் கிடக்கிறது. அக்கா கல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். "பரப்புங்க, சாயங்காலம் கல்லை எடுத்துடுங்க" என்று வீடு வீடாகச் சொன்னாள். களத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் அவளே மனு கொடுத்தாள். இருட்டில் நடந்து போகும்போது ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்பதையும் அவள்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெரியவர் இடது ஓரமாக நடந்ததால் பின்னால் வந்த வண்டி அவருக்குத் தெரியவில்லை என்பது அவள் மனதில் கிடந்து உறுத்துகிறது.

நான் பெங்களூரிலிருந்து மாதம் ஒரு முறை எஸ்ஜேபி ரோட்டில் ஒளிரும் சிவப்பு, வெள்ளை ஸ்டிக்கர் சுருள் வாங்கிக்கொண்டு போகிறேன். டிரெய்லர் பின்பக்கப் பலகை, மாட்டு வண்டி, சைக்கிள் மட்கார்ட் எல்லாவற்றிலும் பையன்தான் ஒட்டுகிறான். அவன் லைசென்ஸ் எடுத்துவிட்டான், ஆனால் இன்னும் இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. மண்ணும் எண்ணெயும் துடைத்துவிட்டு, வெயிலில் காய வைத்து, பிறகு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே உரிந்துவிடும். இதுவும் ஒரு சுருள் வீணான பிறகு தெரிந்தது. பெரியவரைப் போய்ப் பார்ப்பதுண்டு. மூன்று தவணை கொடுத்தாயிற்று. முதல் முறை போனபோது அவர் மனைவி உள்ளே போய்விட்டார், வெளியே வரவே இல்லை. இப்போது மோர் கொடுக்கிறார். அவ்வளவுதான், வேறு பேச்சில்லை.

ஊரில் உள்ள டிரெய்லர்களில் இன்னும் ஸ்டிக்கர் ஒட்டாதது சித்தப்பாவுடையது மட்டும்தான். "எங்க தாத்தா காலத்துலருந்து அங்கதான் நிறுத்தறோம், இப்ப மட்டும் என்ன?" என்கிறார். ஒட்டிவிட்டால் அன்று நடந்ததில் தனக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. டிரெய்லர் இன்னும் அதே வளைவில்தான் ராத்திரி நிற்கிறது. அக்கா தினமும் விளக்கு வைத்துவிட்டு, ஒரு வெள்ளை உரச்சாக்கை எடுத்துக்கொண்டு போய் அதன் பின்பக்கம் கட்டிவிட்டு வருகிறாள். காலையில் சித்தப்பா அதை அவிழ்த்து, மடித்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகிறார்.